ஆனைமலைச் சம்பந்தியும் ஏழு ஒப்புட்டும்

சிங்காநல்லூர் வேட்டை அணிக்குப் போன மாதம் ஒரு கேமரா வாங்கியிருக்கிறார்கள். கைக்குழந்தை உயரம், நாலு சக்கரம், நெற்றியில் விளக்கு. டிராகன் குழிக்குள் இனி முதலில் அதுதான் போகுமாம். அதற்கு மாலை போட்டு, பொட்டு வைத்து, படம் எடுத்து எனக்கு அனுப்பியிருந்தார்கள். கூடவே ஒரு கோரிக்கை: "அண்ணா, இத்தனை வருசம் நீங்கதானுங்களே எங்களுக்குக் கேமரா. குழிக்குள்ள எப்படிப் போனீங்கன்னு நாலு பக்கம் எழுதிக் குடுங்க. புதுசா சேர்றவங்க படிக்கோணும்." சக்கரம் வைத்த சாமானுக்கு மாலை! இருபத்தாறு வருடம் அந்தக் குழிகளுக்குள் தவழ்ந்தவனுக்கு ஒரு முழம் பூக்கூட விழவில்லை. போகட்டும், எழுதுகிறேன்.

என் பெயர் நஞ்சப்பன். உயரம் மூன்றடி நாலு அங்குலம். ஆனைமலைச் சரிவில் குள்ளர் ஊர்கள் சில உண்டு, அதில் ஒன்றில் பிறந்தவன். குள்ளன் என்று சொல்லலாமா கூடாதா என்று வாய்க்குள் மெல்லுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: தாராளமாகச் சொல்லுங்கள். நான் உங்களை நெட்டை என்று சொல்லும்போது நீங்களும் கோபித்துக்கொள்ளக் கூடாது, அவ்வளவுதான். கண்ணி போடுவது எங்கள் ஆட்களுக்குக் கைப்பழக்கம். அதை நம்பி இருபத்திரண்டு வயதில் கோயமுத்தூருக்கு வந்து அணியில் சேர்ந்தேன். பயிற்சி ஆறு மாதம். கயிறு, முடிச்சு, மூச்சை அடக்குவது. அதில் எழுத ஒன்றுமில்லை, முட்டி தேய்ந்ததுதான் மிச்சம்.

மழை பொய்த்தால் டிராகன்கள் மலையிலிருந்து இறங்கி வரும். கிணற்றோரமாகக் குழி பறித்துப் படுத்துக்கொண்டு, இருக்கிற தண்ணீரை எல்லாம் குடித்துவிடும். ஒரு தோப்பைக் காயவைக்க ஒரு டிராகன் போதும். ஆனால் எங்கள் பக்கத்தில் யாரும் டிராகன் என்று வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். "ஊட்டுக்குச் சம்பந்தி வந்திருக்காருங்க" என்றுதான் போன் வரும். சொல்லாமல் வருவார், தண்ணீரும் சோறும் நிறையச் செலவாகும், எதற்குக் கோபித்துக்கொள்வார் என்று தெரியாது. பெயர் பொருத்தமாகத்தான் இருந்தது.

எங்கள் அணியில் நாலு பேர். தலைவி தெய்வானை அக்கா. ஈட்டி வீசுகிற கிட்டான். கயிறு பிடிக்கிற மாரப்பண்ணன். குழிக்குள் போகிற நான்.

தெய்வானை அக்கா ஆறடி. சேருவதற்கு முன்னால் பஞ்சாலையில் மேஸ்திரியாக இருந்தவர். அந்த இயந்திரச் சத்தத்துக்கு நடுவில் வேலை வாங்கியவர், எங்களிடம் ஒருநாளும் குரலை உயர்த்தியதில்லை. நல்ல மனநிலையில் இருந்தால் "வாடா கண்ணு" என்பார். கோபம் வந்தால் மரியாதை கூடும். "என்னங்க நஞ்சப்பன், கயிறு இப்படித்தானுங்க சுத்தி வெப்பீங்களா?" என்று ஆரம்பித்தார் என்றால், கிட்டான் வண்டிக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்வான். நாலு 'ங்க'வுக்கு மேல் போனால் அன்றைக்கு யாருக்கும் டீ இறங்காது.

அவர் வேலை செய்யும் முறையைச் சொல்ல வேண்டும். குழி வாயில் முதலில் மண்டியிட்டு மோந்து பார்ப்பார். கொட்டாங்குச்சி கருகிய வாசம் வந்தால் ஆள் உள்ளே இருக்கிறார். பிறகு ஒரு பிடி விபூதியை வாசலில் தூவிவிட்டு, கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி உட்காருவார். விபூதி உள்ளே இழுக்கப்படும், வெளியே ஊதப்படும். ஒரு நிமிடத்துக்கு நாலு மூச்சு என்றால் தூக்கம். ஆறு என்றால் அரைத்தூக்கம். எட்டு என்றால் "நாளைக்கு வரலாமுங்க" என்று எழுந்துவிடுவார்.

அதற்கப்புறம் மூன்று முறை கூப்பிட வேண்டும். கேட்காமல் கொல்லக் கூடாது என்பது வேட்டைக்காரர் சங்கத்தின் சட்டம். பல அணிகளில் கடனுக்கு மூன்று கத்துக் கத்திவிட்டு ஈட்டியைத் தூக்குவார்கள். அக்கா அப்படியில்லை. பவானியில் ஒரு சாயப்பட்டறைக்கு அடியில் கிழட்டுச் சம்பந்தி ஒருவர் படுத்திருந்தார். அக்கா குழிக்குள் தலையை நீட்டி, "ஏனுங்க, உங்களைத்தானுங்க. இது இவீங்க பொழைக்கிற இடமுங்க. சித்த எந்திரிச்சு அக்கட்டால போயிருங்க" என்றார். மூன்றாவது தடவை கூப்பிட்டபோது நிஜமாகவே தலை வெளியே வந்தது. ஒரு கண்ணில் பூ விழுந்திருந்தது. கிட்டான் ஈட்டியைத் தூக்கினான், அக்கா அவன் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார். கிழவர் எங்களை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, இடுப்பை ஆட்டி ஆட்டி நடந்து ஆற்றில் இறங்கிப் போனார்.

"போயிட்டு வாங்க" என்றார் அக்கா, கையெடுத்துக் கும்பிட்டு.

"அய்யோ அக்கா, மறுக்கா வரச் சொல்றீங்களே!" என்று கிட்டான் தலையில் அடித்துக்கொண்டான். வண்டியில் திரும்பும்போது நாங்கள் சிரித்த சிரிப்பில் மாரப்பண்ணன் ஓரமாக நிறுத்த வேண்டியதாயிற்று.

கூப்பிட்டும் வராவிட்டால்தான் என் வேலை. பவானி ஜமுக்காளம் ஒன்றைத் தொட்டியில் ஊறவைத்து உடம்பைச் சுற்றிக் கட்டுவார்கள். தோலாடை, இரும்பாடை எல்லாம் மற்ற ஊர்க்காரர்கள் போட்டுப் பார்த்துவிட்டார்கள். ஈரத்தைப் பிடித்துவைப்பதில் அந்தக் கெட்டி நூலுக்கு ஈடில்லை. தலைக்கு ஈரத்துண்டு, கண்ணுக்கு மட்டும் இடைவெளி. குழிக்குள் காற்றே இருக்காது என்பதால், தென்னைக்குச் சொட்டுநீர் விடுகிற கறுப்புக் குழாயில் ஒன்றைப் பல்லில் கடித்துக்கொள்வேன். மறுமுனை வெளியே மாரப்பண்ணன் கையில் இருக்கும். மூக்குக்குத் துணி உலர்த்தும் கிளிப். இந்தக் கோலத்தில் என் பெண்டாட்டி ஒரே ஒரு முறை என்னைப் பார்த்தாள். இரண்டு நாள் சிரித்துக்கொண்டே சமைத்தாள்.

காலில் கயிறு, கையில் கண்ணி. தலை முன்னால் போக உள்ளே ஊர்ந்து, சம்பந்தியின் தாடையில் கண்ணியை மாட்டிவிட்டுக் காலை உதைத்தால் மாரப்பண்ணன் என்னை இழுத்துவிடுவார். பிறகு மூன்று பேரும் கண்ணிக்கயிற்றைப் பிடித்துச் சம்பந்தியை வெளியே இழுப்பார்கள், கிட்டான் தாடைக்கடியில் குத்துவான். ஆக, மாட்டுவது நான், கொல்லுவது அவர்கள். கணக்கில் நான் வேட்டைக்காரன் இல்லை, 'குழி ஆள்'.

அதனால் என்ன குறைந்துவிட்டது என்று கேட்பீர்கள். பந்தி குறைந்தது. வேட்டை முடிந்ததும் அழைத்த வீட்டில் விருந்து உண்டு. வேட்டைக்காரர்களுக்கு வீட்டுக்காரர்களோடு முதல் பந்தி. குழி ஆளும் சுமை தூக்க வந்தவர்களும் இரண்டாம் பந்தி. முதல் பந்தியில் உட்கார வேண்டுமென்றால், தனியாக ஒரு சம்பந்தியையாவது முடித்திருக்க வேண்டும். ஈட்டியே தூக்காதவன் எங்கே முடிப்பது? பதினோரு வருடம் வெளியே நின்று, உள்ளே அவர்கள் சிரித்துப் பேசிச் சாப்பிடும் சத்தத்தைக் கேட்டிருக்கிறேன். கிட்டான் என் உயிர்ச் சிநேகிதன், ஆனாலும் அவன் ஏப்பம் விட்டுக்கொண்டு வெளியே வரும்போது அவனை அறைய வேண்டும் போலிருக்கும். ஒருமுறை அக்காவிடமே கேட்டுவிட்டேன்.

"நான் போட்ட சட்டமில்ல கண்ணு, சங்கத்துச் சட்டம்" என்றார். "மாத்தச் சொல்லி மூணு வருசமா எழுதிப் போட்டுட்டுத்தான் இருக்கறேன்."

குழி ஆளுக்கு இன்னொரு சட்டமும் இருந்தது. முந்தின நாள் இரவிலிருந்து சோறு தொடக் கூடாது. தண்ணீரும் மோரும் மட்டும். மீறினால் அணியை விட்டு நீக்கம். வயிறு உப்பினால் குழியில் மாட்டிக்கொள்வான் என்பதற்காக. இந்தச் சட்டத்தை நான் மீறியதேயில்லை, ஆனைமலைக்குப் போகும் வரைக்கும்.

ஆனைமலைக்குப் பக்கத்தில் சரஸ்வதி அம்மணி என்றொருவரின் தென்னந்தோப்பு. கணவர் இல்லை, தனியாக நின்று தோப்பைப் பார்ப்பவர். கிணற்று மேட்டுக்கடியில் சம்பந்தி வந்து ஒரு மாதம். மட்டைகள் தொங்கிவிட்டன. நாங்கள் போய் இறங்கியபோது காலை ஒன்பது மணி. மற்ற மூவரும் குழியைப் பார்க்கக் கிணற்றுப் பக்கம் போனார்கள். நான் வீட்டுக்கு முன்னாலிருந்த தொட்டியில் ஜமுக்காளத்தை ஊறப்போட்டுக்கொண்டிருந்தேன்.

அம்மணி வெளியே வந்தார். என்னைப் பார்த்தார்.

"ஏனுங்க, நீங்க மட்டும் எதுக்குங்க வெயில்ல நிக்கறீங்க? உள்ள வாங்க. ஒரு வாய் உண்டுபோட்டு வேலையப் பாருங்க."

"இல்லீங்க அம்மணி, நாங்க அப்புறம்..."

"என்னங்க அப்புறம்? ஒறம்பரை வாசல்ல நின்னா நல்லாவா இருக்கும்?"

ஒறம்பரை என்றால் எங்கள் பக்கத்தில் விருந்தாளி. கையைப் பிடித்து இழுக்காத குறை. நடுக்கூடத்தில், சுவரில் அவர் கணவர் படம் மாட்டியிருந்த இடத்துக்கு நேர் கீழே ஒரு பலகை போட்டிருந்தது. வருகிற பெரிய மனிதர் உட்காருகிற இடம் என்று பார்த்தாலே தெரியும். அதில் என்னை உட்காரச் சொன்னார். தலைவாழை இலை விரித்தார். எங்கள் அணியில் யாருக்கு எந்தப் பந்தி என்பது அவருக்குத் தெரியாது. அவரைப் பொறுத்தவரை வேட்டைக்கு வந்தவர்களில் நானும் ஒரு விருந்தாளி.

நான் என்ன செய்திருக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். எழுந்திருக்க வேண்டும். முடியவில்லை. பதினோரு வருடத்தில் முதல் தடவையாக ஒரு வீட்டின் நடுக்கூடத்தில், எனக்கென்று ஓர் இலை. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஒரே ஓர் ஒப்புட்டு, மரியாதைக்கு, என்று நினைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

சூடான ஒப்புட்டு (வெளியூர்க்காரர்கள் போளி என்பார்கள்), மேலே நெய், பக்கத்தில் பழம். "இன்னொண்ணு வெச்சுக்குங்க." "போதுமுங்க." "ஒத்தையா வெக்கக் கூடாதுங்க, ரெண்டு." இரண்டு ஆனதும், "பருப்பு இனிப்புப் பத்தலீங்களா? முகத்தைப் பார்த்தா அப்படித் தெரியுதே." இல்லை என்று காட்ட மூன்றாவது. அரிசிம்பருப்புச் சோறு வந்தது, கொள்ளுப் பருப்பு வந்தது, தயிர் வந்தது. மறுபடியும் ஒப்புட்டு. எங்கள் பக்கத்து வீடுகளில் சாப்பிட்டவர்களுக்குத் தெரியும், அங்கே 'போதும்' என்ற சொல்லுக்கு எந்த அதிகாரமும் கிடையாது. எழுந்தபோது ஏழு ஒப்புட்டு உள்ளே போயிருந்தது.

அக்கா திரும்பி வந்தார். "நாலு மூச்சுதான், நல்ல தூக்கம். கூப்பிட்டுப் பார்த்தாச்சு, அசையல. கெளம்பு கண்ணு." ஜமுக்காளத்தைக் கட்டும்போது மாரப்பண்ணன், "என்னப்பா, கயிறு இன்னைக்கு எட்ட மாட்டேங்குது" என்றார். மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டேன். சொல்லியிருக்கலாம். வேலை போய்விடுமே என்ற பயம் வாயை அடைத்துவிட்டது.

குழியின் கழுத்து குறுகல், சம்பந்தி உடும்பு மாதிரி உடம்பை ஒடுக்கிக்கொண்டு நுழைகிற வழி. தலை போயிற்று, தோள் போயிற்று, நெஞ்சு போயிற்று. வயிறு நின்றுவிட்டது. முன்னால் தள்ளினேன், அசையவில்லை. பின்னால் உந்தினேன், ஜமுக்காளம் சுருண்டு இன்னும் இறுக்கியது. தலையும் கையும் சம்பந்தியின் அறைக்குள், முழங்காலுக்குக் கீழே வெளியே வெயிலில். அந்த நேரம் பார்த்து எனக்கு ஓர் ஏப்பம் வந்தது. சம்பந்தி கண்ணைத் திறந்தார்.

சம்பந்திகள் உயிரோடு இருப்பதைக் கடிக்க மாட்டார்கள், வேகவைத்துத்தான் வாயில் வைப்பார்கள். அந்த விஷயத்தில் நம்மைப் போலத்தான். முதல் நெருப்பு முகத்துக்கு நேராக வந்தது. ஈரத்துண்டு காப்பாற்றியது, புருவம் போய்விட்டது. செத்தோம் என்றே நினைத்தேன். காலை உதைத்தேன். வெளியே இழுத்தார்கள், இடுப்பு கழன்றுவிடும் போல வலித்தது, ஓர் அங்குலம் நகரவில்லை.

அப்போது பல்லுக்குள் ஒரு குரல் கேட்டது. அக்கா குழாயின் மறுமுனையில் வாய் வைத்துப் பேசிக்கொண்டிருந்தார்.

"நஞ்சப்பா, நான் பேசறது கேக்குதா? ஆமான்னா ஒருக்கா உதை, இல்லைன்னா ரெண்டுக்கா."

ஒன்று உதைத்தேன்.

"அடிபட்டிருக்குதா?"

இரண்டு.

"மாட்டிக்கிட்டியா?"

ஒன்று.

பிறகு, "சாப்பிட்டீங்களா?" என்றார். மரியாதை வந்துவிட்டது. எதிரே நெருப்பு கக்குகிறவரை விட எனக்கு அந்த 'ங்க'தான் அதிகப் பயமாக இருந்தது. ஒன்று உதைத்தேன்.

"ஒப்புட்டுங்களா?"

ஒன்று.

"எத்தனைங்க?"

பொய் சொல்ல மனம் வரவில்லை. உதைக்க ஆரம்பித்தேன். வெளியே கிட்டான் சத்தமாக எண்ணியிருக்கிறான். "அஞ்சு... ஆறு... அடப்பாவி, ஏழு!" பக்கத்தில் நின்ற சரஸ்வதி அம்மணி, "இன்னும் ரெண்டு உண்ண மாட்டேன்னு சொல்லிப்போட்டாருங்க" என்று வருத்தப்பட்டாராம்.

இதற்குள் சம்பந்தி இரண்டாவது முறை ஊதினார். நெருப்பு ஒரு முழத்துக்குத்தான் வந்தது. மூன்றாவது, அடுப்பைச் சிம்மில் வைத்ததுபோல. எனக்கு ஒன்றும் புரியவில்லை. அக்காவுக்குப் புரிந்துவிட்டது. தூவிய விபூதி என் காலடியில் அசையாமல் கிடந்ததை அவர் பார்த்திருக்கிறார். கயிற்றை முழுப்பலத்தோடு இழுக்கப் போன கிட்டானின் கையைத் தட்டிவிட்டிருக்கிறார்.

"விடுங்கடா கயித்தை! கெணத்துப் பக்கம் சேறு அடைச்சிருக்குது. சம்பந்தி மூச்சுக்கு இது ஒண்ணுதான் வாசல். அதை இவன் வயிறு மூடியிருக்குது. இழுத்தா காத்து உள்ள போகும், நெருப்பு பழையபடி வரும்."

பிறகு குழாயில், "கண்ணு, அப்படியே இரு. ஒண்ணும் பண்ண வேண்டாம். குழாயை மட்டும் விட்றாதே" என்றார்.

அப்படியே இருந்தேன், முக்கால் மணி நேரம். நெருப்பு தீக்குச்சி அளவுக்கு வந்தது, பிறகு வெறும் புகை, பிறகு விக்கல். சம்பந்தி தலையைத் தரையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தார். அவர் முகத்தில் கோபம் போய்விட்டிருந்தது. எனக்கு அழுகை வந்தது, சொல்ல என்ன வெட்கம். இத்தனை வருடத்தில் அவர்களில் ஒருவரோடு நான் இவ்வளவு நேரம் முகத்துக்கு முகம் இருந்ததில்லை. குழாயைக் கடித்தபடியே, "மன்னிச்சுக்குங்க சம்பந்தி" என்றேன். கண் மெதுவாக மூடிற்று, தூங்குவதுபோலவே போய்விட்டார்.

அம்மணி மூன்று படி தேங்காய் எண்ணெய் கொண்டுவந்து என் காலோடு ஊற்றினார். மூன்று பேரும் சேர்ந்து இழுத்ததில், நான் புட்டுக்குழாயிலிருந்து புட்டு வருவதுபோல வந்து விழுந்தேன். மாரப்பண்ணன் என்னைக் கட்டிக்கொண்டார். கிட்டான் சிரித்துக்கொண்டே அழுதான். அக்கா மட்டும் கிட்டவே வரவில்லை. கிணற்று மேட்டில் உட்கார்ந்து, சட்டப் புத்தகத்தைப் பிரித்து வைத்துக்கொண்டிருந்தார்.

எண்ணெய் சொட்டச் சொட்ட அவர் முன்னால் போய் நின்றேன். வேலை போய்விட்டது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பெண்டாட்டியிடம் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

"கிட்டா, உன்ற ஈட்டி சம்பந்தி மேல பட்டுச்சா?"

"இல்லீங்க அக்கா."

"மாரப்பண்ணா, நீங்க கண்ணிக்கயிறு இழுத்தீங்களா?"

"கண்ணி மாட்டவே இல்லீங்களே."

"என்ற கத்தியும் உறையிலதான் இருக்குது. அப்ப முடிச்சது யாரு?"

"ஒப்புட்டுங்க அக்கா" என்றான் கிட்டான். அக்கா சிரிக்கவில்லை. என் பக்கம் திரும்பினார்.

"குழி ஆளு சோறு தின்னா நீக்கோணும்னு சட்டம். தின்னதை அவனே உதைச்சு உதைச்சு ஒத்துக்கிட்டான். அதனால குழி ஆளு நஞ்சப்பனை இப்பவே நீக்கியாச்சு." புத்தகத்தில் எழுதினார். அவர் பக்கத்தைத் திருப்பினார். "தனியா ஒரு சம்பந்தியை முடிச்சவரு வேட்டைக்காரருன்னும் சட்டம். வேட்டைக்காரருக்குச் சோத்து விதி எதுவும் இதுல காணோம். அப்படி ஒருத்தரு இங்க எண்ணெயில குளிச்சுட்டு நிக்கறாரு. அவரைச் சேர்த்துக்கறேன்." அதையும் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் நிமிர்ந்தார். அப்போதுதான் அவர் கண்ணும் ஈரமாக இருந்ததைப் பார்த்தேன். "முக்கால் மணி நேரம் என்ற உசுரு என்ற கையில இல்லடா" என்றார்.

மத்தியானம் விருந்து. நடுக்கூடத்தில் வரிசையாக இலை போட்டார்கள். நான் பழக்கத்தில் வெளியே போய்த் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். உள்ளேயிருந்து அக்காவின் குரல் வந்தது. "வேட்டைக்காரருக்குத் தனியா வெத்தலை பாக்கு வெக்கோணுமா? வந்து உக்காருங்க." அவருக்கும் கிட்டானுக்கும் நடுவில் ஓர் இலை காலியாக இருந்தது. போய் உட்கார்ந்தேன்.

சரஸ்வதி அம்மணி ஒப்புட்டுத் தட்டோடு முதலில் என்னிடம்தான் வந்தார். வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒப்புட்டு, சோறு, பருப்பு, பொரியல் எல்லாம் இலையில் வந்து விழுந்தன. தொண்டைவரை நிறைந்திருந்தது, ஒரு பருக்கைகூட இறங்காது. கிட்டான் இலையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், வாயில் இருந்த சோற்றோடு சிரித்துப் புரையேறினான். மாரப்பண்ணன் அவன் தலையில் தட்டித் தட்டிச் சிரித்தார். கடைசியில் அக்காவும் சிரித்துவிட்டார்.

நான் அந்த இலையில் எதையும் தொடவில்லை. எழுந்திருக்கவும் இல்லை. கடைசி ஆள் மோர் குடித்துவிட்டுக் கை கழுவப் போகும்வரைக்கும் அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.